முதலில் தராசு, பிறகு ஸ்பிரிங்

ஃபைபர் பாடி போட்ட வண்டிக்குக் காயில் ஸ்பிரிங் சுற்ற வேண்டும் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குப் போனால் முதல் கேள்வி, "எந்த வண்டி ஸ்பிரிங்?" என்பதாகத்தான் இருக்கும். பதிலும் பெயராகவே வரும்: பத்மினி, ஹெரால்ட், மாருதி 800, எஸ்டீம். அந்த வண்டிகளின் அச்சு, ஆர்ம், பிரேக் எல்லாவற்றையும் எடுத்துத்தான் ஃபைபர் வண்டி கட்டப்படுகிறது. ஆகவே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அந்த வண்டியுடையதே போதும் என்று நினைப்பது இயல்பு. இந்தத் தொழிலில் பல பத்தாண்டுகள் கழித்த பிறகு எனக்கு உறுதியாகப் படுவது, அந்தக் கேள்வியே தவறு என்பதுதான். ஸ்பிரிங் தன் மேல் உட்காரும் எடைக்காகச் செய்யப்படுகிறது, வண்டியின் பெயருக்காக அல்ல. தகரப் பாடியைக் கழற்றி ஃபைபர் பாடியை வைத்ததும் பெயர் அப்படியே இருக்கிறது, எடை போய்விடுகிறது. மீதி எல்லாப் பிழைகளும் இந்த ஒரு இடத்திலிருந்தே கிளைக்கின்றன.

சென்னைக்காரர்களுக்கு இது வெளிநாட்டு விவகாரம் அல்ல. ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் வண்டலூரில் 1961-லிருந்து டிரையம்ஃப் நிறுவனத்தின் ஹெரால்ட் காரைச் செய்தது. அதன் பாடி தனி, சேஸிஸ் தனி. போல்ட்டைக் கழற்றிப் பாடியைத் தூக்கிவிட்டால் கீழே ஓடக்கூடிய சேஸிஸ் நிற்கும். இங்கிலாந்தில் ஃபைபர் வண்டி கட்டுகிறவர்கள் டிரையம்ஃப் ஹெரால்டை விரும்பியதற்குக் காரணம் இதுவே. பாண்ட் எக்விப் என்ற கார் 1963-இல் ஹெரால்ட் சேஸிஸ் மேல் ஃபைபர் பாகங்களோடு வந்தது. லோட்டஸ் எலான் என்ற புகழ்பெற்ற ஃபைபர் கார்கூட, முன் சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்டை டிரையம்ஃப் குடும்பத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டது. இங்கே நம் பக்கத்தில் பெங்களூரு சிபானி நிறுவனம், ரிலையன்ட் கிட்டன் என்ற இங்கிலாந்துக் காரை வைத்து 1982-இல் டால்ஃபினைக் கொண்டுவந்தது. அரை டன்னை ஒட்டிய எடைகொண்ட ஃபைபர் கார். கோயம்புத்தூர் கரிவர்தன் 1980-களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைக் கட்டினார். சோழவரம் பழைய விமான ஓடுதளத்திலும், 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் இத்தகைய இலகு வண்டிகளில்தான் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் கட்டிய வண்டியைச் சாலைக்குப் பதிவுசெய்வது இங்கே நடைமுறையில் முடியாத காரியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே நான் பேசுவது டிராக் வண்டிகளையும், டால்ஃபின் போல ஃபைபராகவே பிறந்து இன்று உதிரிபாகம் கிடைக்காமல் நிற்கும் வண்டிகளையும் பற்றி.

எடை குறைந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு கணக்கில் காட்டிவிடலாம். பழைய பாடியோடு ஒரு முன் சக்கரத்தின் ஸ்பிரிங் மேல் 180 கிலோ உட்கார்ந்திருந்தது, அந்தச் சுமையில் சக்கரம் 130 மில்லி மேலேறி நின்றது என்று வைத்துக்கொள்வோம். ஃபைபர் பாடி வந்த பிறகு அதே இடத்தில் 130 கிலோதான். அதே ஸ்பிரிங்கில் சக்கரம் 94 மில்லிதான் ஏறி நிற்கும். வண்டியின் மூக்கு 36 மில்லி உயர்ந்துவிடும். பார்த்தவர் "ஹைட் அதிகம்" என்று சொல்லி ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவார். ஏழு சுற்று வேலைசெய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது ஆறில் ஒரு பங்கு இன்னும் இறுகும். ஏற்கெனவே எடைக்குப் பொருந்தாமல் இறுகியிருந்தது மேலும் இறுகுகிறது. உயரம் சரியானது கண்ணுக்குத் தெரியும். இறுக்கம் கூடியது தெரியாது. இறுகிய ஸ்பிரிங்கின் அடையாளத்தை அதன் துள்ளலில்தான் பார்க்க வேண்டும். அமுக்கி விட்டால் வண்டி ஒரு வினாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் போகும் என்பதே அதிர்வெண். அது முழுக்க, வண்டி தன் எடையில் எத்தனை மில்லி அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 250 மில்லி அமர்ந்தால் வினாடிக்கு ஒரு முறை, 110 மில்லி என்றால் ஒன்றரை முறை, 62 மில்லி என்றால் இரண்டு முறை. சாதாரண கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே இருக்கும். இரண்டைத் தாண்டினால் அது டிராக்குக்கு மட்டுமே ஆகும். எந்த வண்டி ஸ்பிரிங் என்று கேட்பதைவிட, இந்த வண்டி எத்தனை மில்லி அமர வேண்டும் என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

ஹெரால்டின் பின்பக்கத்தில் இந்தப் பிழை சௌகரியக் குறைவோடு நிற்காது, உயிருக்கே ஆபத்தாகும். அதில் பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில் முறையில், நடுவில் உள்ள டிஃபரன்ஷியலை மையமாக வைத்து ஊசலாடும். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். மேலே எடை குறைந்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். தூக்கிக்கொண்டால் சக்கரங்கள் அடிப்பக்கம் உள்ளே மடங்கி, மேல்பக்கம் வெளியே சாயும். அந்த நிலையில் வளைவில் வேகமாகத் திருப்பினால் வெளிச் சக்கரம் இன்னும் மடங்கி வண்டியையே மேலே நெம்பித் தூக்கும். இதனால்தான் டிரையம்ஃப் நிறுவனமே 1970-இல் ஸ்பிட்ஃபயர் காரின் பட்டையை மாற்றி, அடிப் பட்டையை மட்டும் இறுகப் பிடித்து மற்றவற்றை நடுவில் அசைய விட்டது. வண்டலூரிலும் 1970-களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்ட் கஸல் காரில் ஸ்விங் ஆக்சிலையே விட்டுவிட்டு நேர் ஆக்சிலுக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலையே தகரப் பாடியின் எடையோடு இவ்வளவு கவனம் எடுத்த இடத்தில், ஃபைபர் பாடியை வைத்துவிட்டுப் பழைய பட்டைகளை அப்படியே விடுவது சரியல்ல. பட்டைகளைக் குறைத்து, வண்டி ஓட்டும் நிலையில் சக்கரம் நேராகவோ மேல்பக்கம் சற்றே உள்ளே சாய்ந்தோ நிற்கும்படி செய்தாக வேண்டும்.

ஆகவே வேலை தராசில் தொடங்குகிறது. சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் உள்ள லாரி எடை மேடைகள் இதற்கு உதவாது. டன் கணக்கில் நிறுக்கும் மேடையில் பத்து கிலோ வித்தியாசம் கரைந்துவிடும். நமக்கோ ஐந்து கிலோவும் முக்கியம். மண்டியிலும் பழைய இரும்புக் கடையிலும் இருக்கும் பிளாட்பாரம் தராசு போதும். முந்நூறு கிலோ தாங்கும் தராசு நான்கு கிடைத்தால் சிறப்பு. ஒன்றுதான் உண்டென்றால் மற்ற மூன்று சக்கரத்தின் கீழும் அதே உயரத்துக்குப் பலகை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடை சாய்ந்துவிடும். ஓட்டுபவர் இருக்கையில் உட்கார வேண்டும், டேங்கில் பாதி பெட்ரோல் இருக்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் கிடைத்த எடையிலிருந்து டயர், ரிம், பிரேக், அப்ரைட், ஆர்மில் பாதி ஆகியவற்றின் எடையைக் கழித்தால் ஸ்பிரிங் உண்மையில் தூக்கும் சுமை கிடைக்கும். நேர் ஆக்சில் என்றால் ஆக்சிலில் பாதியையும் கழிக்க வேண்டும். இலகு வண்டியில் இந்தக் கழித்தலை விட்டுவிடவே கூடாது. 155 கிலோவில் 25 போனால் ஆறில் ஒரு பங்கு போகிறது.

அடுத்து லீவர் கணக்கு. பட்டறைகளில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். மேலும் கீழும் ஆர்ம் உள்ள டபுள் விஷ்போனில் ஸ்பிரிங்கின் அடி, சக்கரத்துக்கு உள்ளே எங்கோ ஆர்மின் மேல் நிற்கிறது. சக்கரம் பத்து மில்லி ஏறினால் ஸ்பிரிங் ஏழு மில்லிதான் அமுங்கும் என்று வைப்போம். மேலே சொன்ன 130 கிலோ மூலையில் சக்கரம் 110 மில்லி அமர வேண்டும் என்று முடிவு செய்தால், சக்கரத்தில் ஒரு மில்லிக்கு 1.18 கிலோ வேண்டும். ஸ்பிரிங்குக்கு எவ்வளவு? 0.7-ஆல் ஒரு முறை வகுத்து 1.7 கிலோ என்று எழுதுவார்கள். அது தவறு. லீவர் இரண்டு முறை வேலைசெய்கிறது: ஸ்பிரிங்கின் நகர்வையும் குறைக்கிறது, ஸ்பிரிங்கின் பலம் சக்கரத்தில் போய்ச் சேருவதையும் குறைக்கிறது. இரண்டு முறை வகுக்க வேண்டும். சரியான விடை 2.4 கிலோ. 1.7 கிலோ ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி 110 மில்லிக்குப் பதிலாக 157 மில்லி அமர்ந்து, தரை இடைவெளியில் ஐந்து சென்டிமீட்டரை விழுங்கிவிடும். உடனே "சாஃப்ட் ஸ்பிரிங் போட்டால் வண்டி உட்காருது" என்ற முடிவுக்கு வந்து, அடுத்த முறை ஜீப் ஸ்பிரிங்கைத் தேடிப் போவார்கள். மென்மையான ஸ்பிரிங்குக்கு நம்மிடையே உள்ள கெட்ட பெயரில் பாதி, இந்த ஒரு வகுத்தலை விட்டதால் வந்தது என்பேன்.

எண் கிடைத்துவிட்டால் ஸ்பிரிங் செய்வதற்கு அம்பத்தூரைவிட வசதியான இடம் குறைவு. ஆனால் எதைச் சொல்லிக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். கம்பி 11 மில்லி, சுற்றின் நடுவிட்டம் 100 மில்லி, வேலைசெய்யும் சுற்று ஏழு என்றால் ஒரு மில்லிக்குச் சுமார் 2.1 கிலோ வரும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கம்பியை மட்டும் 12 மில்லி ஆக்கினால் சுமார் 3 கிலோ ஆகிவிடும். ஒரு மில்லி கம்பிக்கு நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது, ஏனென்றால் கம்பியின் பருமன் நான்கு முறை பெருக்கப்பட்டுக் கணக்கில் வருகிறது. 11 மில்லிக் கம்பி கையில் இல்லை, 12 மில்லியில் சுற்றித் தருகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது; அல்லது சுற்றின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டச் சொல்ல வேண்டும். மேலே கேட்ட 2.4 கிலோ, 11 மில்லிக் கம்பியில் ஆறு சுற்றுக்கு வந்துவிடும். சுற்றிய பிறகு சூடேற்றி எண்ணெயில் ஆற்றிப் பதம் பிடித்தார்களா, இரண்டு முனையையும் சமமாக அரைத்தார்களா, கடைசியில் பிரஸ்ஸில் வைத்துச் சுற்றோடு சுற்று முட்டும்வரை சில முறை அமுக்கி எடுத்தார்களா என்று கேட்க வேண்டும். அமுக்கி எடுக்காத ஸ்பிரிங் வண்டியில் போன முதல் மாதத்திலேயே தளர்ந்து உட்கார்ந்துவிடும். வண்டியில் இருக்கும் ஸ்பிரிங்கைக் கேஸ் நெருப்புக் காட்டி இறக்குவதைப் பற்றி ஒரு வரி போதும்: அந்த இடத்தில் பதம் போய்விடும், எங்கே ஒடியும் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு: ஸ்போர்ட்ஸ் வண்டி என்றால் இறுக்கமாகத்தானே இருக்க வேண்டும், இலகு வண்டிக்கு இறுக்கமான ஸ்பிரிங் போட்டால்தானே தரையோடு ஒட்டி ஓடும்? நேர்மாறு. சக்கரம் தரையைப் பிடித்திருப்பது, அது பள்ளத்துக்குள் இறங்கி மேட்டில் ஏறி வர முடிவதால்தான். இலகு வண்டியில் சக்கரத்தைக் கீழே அழுத்திப் பிடிக்க மேலே எடை இல்லை. இறுகிய ஸ்பிரிங் ஒவ்வொரு ஒட்டுப் போட்ட சாலைக் கீறலிலும் முழு வண்டியையும் தூக்கி எறியும், அந்த நேரத்தில் டயர் காற்றில் இருக்கும். மேலே சொன்ன எலானையே எடுத்துக்கொள்ளலாம். 700 கிலோவுக்கும் குறைவான ஃபைபர் கார். அதன் ஸ்பிரிங்குகள் மென்மைக்குப் பேர்போனவை, சக்கரம் ஏறி இறங்க நீண்ட ஓட்டம் உண்டு. வளைவில் அதைப் பிடிக்க அந்தக் காலத்தில் ஆள் இல்லை. ஆவடியில் செய்யப்பட்ட டாங்கிகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. டி-72-இல் முறுக்குத் தண்டு, அர்ஜுனில் வாயுவும் எண்ணெயும் சேர்ந்த அமைப்பு என்று வழி வேறாக இருந்தாலும், கரடுமுரடான நிலத்தில் வேகம் வேண்டுமென்றால் சக்கரத்துக்கு ஓட்டம் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. ஃபைபருக்கு இதில் தனிக் காரணமும் இருக்கிறது. தகரம் வளையும், ஃபைபர் வளைந்து திரும்பும், ஆனால் போல்ட் பிடித்த இடத்தில் மேல்பூச்சு சிலந்தி வலை போல வெடிக்கும். இறுகிய ஸ்பிரிங் சேஸிஸுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு அடியும் பாடி மவுண்ட்டில்தான் போய்ச் சேரும். இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மெதுவாக ஏறி இறங்கும் வளைவு. தெருவில் அப்படி ஒன்றைக் காண்பது அரிது. குத்திட்டு நிற்கும் குறுகிய மேடுதான் எங்கும். ஓட்டம் இல்லாத வண்டி அதில் தினமும் அடி வாங்கும்.

வளைவில் சாயுமே என்பது இரண்டாவது மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாய்வைத் தடுக்க ஆன்டி ரோல் பார் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது அது வேலைசெய்யாது, வண்டி ஒரு பக்கம் சாயும்போதுதான் செய்யும். சாய்வுக்காக ஸ்பிரிங்கை இறுக்குவது, ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் வரும் சிரமத்துக்காக மீதி ஐம்பது நிமிடத்தையும் கெடுப்பது. மேலும் ஃபைபர் வண்டிகள் பெரும்பாலும் தாழ்ந்தவை, எடை கீழே இருப்பவை. அவை சாய்வதே குறைவு.

மூன்றாவது மறுப்புதான் உண்மையில் கடினமானது. இலகு வண்டியில் ஆள் ஏறினால் எடை விகிதம் பெரிதாக மாறும். 1,100 கிலோ காரில் 75 கிலோ ஆட்கள் இருவர் ஏறினால் எடை சுமார் 14 சதவீதம் கூடும். 550 கிலோ வண்டியில் 27 சதவீதம். எந்த எடைக்கு ஸ்பிரிங் பார்ப்பது? இதற்கு முழுத் தீர்வு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேருந்துகளில் இதை ஏர் சஸ்பென்ஷன் தீர்க்கிறது. சென்னை பாடி பகுதியில் உள்ள வீல்ஸ் இந்தியா நிறுவனம் பேருந்துகளுக்காக அதைச் செய்கிறது. சிறிய வண்டியில் அந்தக் கருவிகளின் எடையும் செலவும் தாங்காது. நான் செய்யச் சொல்வது: ஓட்டுபவர் மட்டும் உள்ள எடைக்கு முன் ஸ்பிரிங், இருவர் உள்ள எடைக்குப் பின் ஸ்பிரிங். பின்பக்க அதிர்வெண் முன்பக்கத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் இன்னொரு நன்மையும் வரும். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் சிறிது தாமதித்து ஏறுகிறது. பின்பக்கம் சற்று வேகமாகத் துள்ளினால் தாமதத்தை ஈடுகட்டி இரண்டும் சேர்ந்து அடங்கும், மூக்கு ஆடாது. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி கண்டுசொன்னது இன்றும் கார் செய்கிறவர்களால் கடைப்பிடிக்கப்படுகிறது. மீதி மாற்றத்தை ரப்பர் பம்ப் ஸ்டாப்பர் தாங்கட்டும். நல்ல நீளமான, மெதுவாக இறுகும் பம்ப் ஸ்டாப்பர் இரண்டாவது ஸ்பிரிங்குக்குச் சமம். அதைக் கடைசியில் ஞாபகம் வந்து ஒட்டும் பொருளாக நினைக்கக் கூடாது.

ஷாக் அப்சார்பருக்கு வருவோம். இதை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம், அது எடையைத் தூக்காது என்பதே. எண்ணெய் ஷாக்கைக் கையால் மெதுவாக அமுக்கினால் கடைசிவரை போகும். வேகமாக நகரும்போது மட்டுமே எதிர்க்கும். கேஸ் ஷாக் தானாக நீண்டு கொஞ்சம் தூக்கும், ஆனால் அதை நம்பி ஸ்பிரிங்கைக் குறைக்கும் அளவுக்கு அல்ல. ஆகவே ஸ்பிரிங் தவறாக இருக்கும் வண்டியில் அட்ஜஸ்டபிள் ஷாக் போட்டுத் திருகுவது, எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள சண்டையைக் கொஞ்ச நேரம் மறைப்பதுதான். மேலே எடுத்த 130 கிலோ மூலைக்கு, ஷாக்கின் தண்டு வினாடிக்கு 30 சென்டிமீட்டர் நகரும்போது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சராசரியாக 45 கிலோ அளவு எதிர்ப்பு இருந்தால் போதும். அதில் பெரும் பங்கு, ஸ்பிரிங் விரியும்போது இருக்க வேண்டும். பழைய வண்டியின் ஷாக்கையே போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டால், நான்கில் ஒரு பங்கு கூடுதலாக இறுகும். அது பெரிய குற்றம் அல்ல. பெரிய குற்றம் "ஹெவி டியூட்டி" என்ற பெயரில் ஜீப்புக்கும் வேனுக்கும் செய்த ஷாக்கை மாட்டுவது. சக்கரம் மேட்டிலிருந்து இறங்கி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாகக் கீழே அமுங்கிக்கொண்டே போய் ஸ்டாப்பரில் உட்காரும். பைக் ஷாக்கை மாட்டும் பழக்கமும் உண்டு, பார்க்க எடுப்பாகவும் இருக்கும். ஆனால் பைக்கின் பின் சக்கரத்தில் நூற்றைம்பது கிலோவை இரண்டு ஷாக்குகள் பகிர்ந்துகொள்கின்றன. நம் மூலையில் லீவரோடு சேர்த்து 186 கிலோவை ஒற்றை ஸ்பிரிங்கும் ஷாக்கும் தாங்க வேண்டும். பைக் ஷாக்கில் எண்ணெயும் குறைவு, சூடானதும் எதிர்ப்பு போய்விடும்.

இந்த வகையில் நான் பார்த்த பெரிய மாற்றம் 1998-க்குப் பிறகு வந்தது. பத்மினி காலத்தில் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. ஷாக்கைத் திறந்து எண்ணெய் மாற்றி வாஷர் போட்டுத் தருபவர்கள் இருந்தார்கள், கேட்ட இறுக்கத்துக்கு எண்ணெயின் கனத்தை மாற்றிக் கொடுப்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து சான்ட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, சாலையில் ஓடுவது பெரும்பாலும் ஸ்ட்ரட். அதில் ஷாக்கே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் இருக்கிறது, மூடிய குழாய், திறக்க முடியாது. தாழ்ந்த ஃபைபர் மூக்குக்குள் அந்த உயரம் அடங்காது. அடங்கும்படி வெட்டினால் ஓட்டம் போய்விடும். கடைகளில் குவிந்திருக்கும் உதிரிபாகங்கள் பெருகப் பெருக, இந்த வண்டிகளுக்குப் பொருந்துபவை குறைந்துகொண்டே வந்தன. அதனால் ஷாக் வாங்கும்போது பெயரைவிட மூன்று அளவுகளைக் கையில் எழுதிக்கொண்டு போவது நல்லது: முழுதும் விரிந்த நீளம், முழுதும் மூடிய நீளம், வண்டி நிற்கும் நிலையில் இரண்டு கண்களுக்கும் இடையே உள்ள நீளம். நிற்கும் நிலையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு அமுங்குவதற்கும், ஒரு பங்கு விரிவதற்கும் இருக்க வேண்டும். முழுதும் விரிந்தாலும் ஸ்பிரிங் தன் இருக்கையில் தளராமல் இருக்க வேண்டும். தளர்ந்தால் திரும்பி உட்காரும்போது இடம் மாறும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது என்றால் கடைசியாக ஒரு வேலை. ஆர்ம்களின் ரப்பர் புஷ் போல்ட்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கக் கூடாது. முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் அது முறுக்குண்டு, தானே ஒரு ஸ்பிரிங்காக வேலைசெய்து, கணக்கிட்ட எண்ணை எல்லாம் மாற்றிவிடும். சில மாதத்தில் கிழிந்தும் போகும். வண்டியைத் தரையில் இறக்கி, ஓட்டுபவரை உட்காரவைத்து, முன்னும் பின்னும் சில அடி உருட்டி அது தன் இடத்தில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே தராசில் ஏற்றி, நான்கு மூலைகளின் எடையையும் உயரத்தையும் மறுபடி குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். இருக்கைக்கு அடியில் வாஷர் வைப்பதா, வேறு சுற்றுவதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.